பி, ஆர், என், டி

முதலில் போனது ரிவர்ஸ்.
சொல்லாமல் போகவில்லை.
ஆடி மாதத்திலிருந்தே
ஆர்-இல் வைத்தால் மூன்று எண்ணிய பிறகுதான் பிடிக்கும்.
அப்புறம் ஐந்து.
அப்புறம் ஒருநாள் பின்சீட்டில் மகிழினி
பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு
"அம்மா, தூங்கிட்டுது" என்றாள்.

செகண்ட் ஹேண்ட் வேன். ஏழு பேர் உட்காரலாம்,
நாங்கள் எட்டுப் பேர்.
கிளட்ச் இல்லை என்பதற்காகவே வாங்கியது.
வில்லியனூர் ரோட்டுத் தண்ணீர் லாரிக்குப் பிறகு
தனகோடிக்கு இடது கால் மடங்காது.
அந்த ஒரு சீட்டில் மட்டும்
அந்தக் காலை யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரிக்குள் சமாளித்தோம்.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஊர் இது.
தவறவிட்ட கடைக்கு நான்கு முறை இடது திரும்பினால்
விட்ட இடமே முன்னால் வந்து நிற்கும்.
ஒன்வே பலகைகள் எங்களுக்காகவே நட்டவை போலிருந்தன.
சுவரைப் பார்த்து நிறுத்துவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிப் பக்கமே போவதில்லை.
கல்யாண மண்டபம் என்றால்
சாப்பாட்டை விசாரிக்கும் முன் வாசல் எத்தனை என்று விசாரித்தோம்.

"ஆயிலை மாத்துங்க" என்றார் முதலியார்பேட்டைக்காரர்.
"மாத்தினா இருக்கறதும் போயிடும்" என்றார்
அரியாங்குப்பத்துக்காரர்.
இருவரும் தலா ஐந்நூறு வாங்கினார்கள்.

ஐப்பசியில் திருப்பாதிரிப்புலியூரில் நாத்தனார் மகளுக்கு நிச்சயம்.
கன்னியக்கோயில் தாண்டியதும்
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில்
யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள்.
பெண்ணையாற்றுப் பாலத்து ஏற்றத்தில்
சத்தம் மட்டும் கடலூர் போய்ச் சேர்ந்தது.
நாங்கள் அதற்குப் பின்னால், மெல்ல.

சந்துக்குள் எதிரே வெங்காயம் ஏற்றிய குட்டியானை.
"ரெண்டே அடி ரிவர்ஸ் எடு சார்."
நான் தனகோடியிடம் என்-இல் போடச் சொன்னேன்.
பட்டுப்புடவைகள் இறங்கின, வேட்டிகள் இறங்கின,
பானெட்டில் கைவைத்துத் தள்ளினோம்.
மாமியார் பூங்காவனம் மட்டும் இறங்கவில்லை.
சீர்த்தட்டை மடியில் அணைத்தபடி
"இன்னும்... இன்னும்..." என்று உள்ளிருந்து சொன்னார்.
குட்டியானைக்காரரும் வந்து தோள் கொடுத்தார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனகோடி
எங்கள் யாரையும் பார்க்கவில்லை.
கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்திருந்தார்.
ரிவர்ஸ் எடுப்பவர் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நெல்லித்தோப்பில் அந்துவான்
அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார்.
சிவப்பாக இருக்க வேண்டியது
சுண்டிய வத்தக்குழம்பாக இருந்தது.
அடிப்பிடித்த பாத்திரத்தின் நாற்றம்.
அடித்தட்டைக் கழற்றிக் காந்தத்தை நீட்டினார்,
அதில் மை போல இரும்புத்தூள்.
"இதுதாம்மா உங்க ரிவர்ஸ்."
தொட்டுப் பார்த்தேன்.
மூன்று நாள் நகக்கண்ணில் இருந்தது.
தபால் ஆபீசில்
யார் யாருடைய பாஸ்புக்கிலோ கொஞ்சம் ஒட்டிப் போனது.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார்.
விற்றுவிடலாம், கியர் வண்டி எடுத்தால் நான் ஓட்டுகிறேன் என்றேன்.
தனகோடி பதில் சொல்லவில்லை.
மடங்காத முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

சென்னையிலிருந்து பாகம் வர ஐந்து வாரம்.
கார்த்திகை மழையில் அந்துவான் கூப்பிட்டனுப்பினார்.
முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி
ஜாக்கியில் நின்றது வேன்.
"சார் ஏறட்டும்."
ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.
ஆர்-இல் வைத்தார்.
மகிழினி எண்ணத் தொடங்கினாள்.
இரண்டு வருவதற்குள்
சக்கரங்கள் அந்தரத்தில் பின்னோக்கிச் சுழன்றன.

இடது கையைப் பக்கத்துச் சீட்டின் தோளில் போட்டு
தனகோடி திரும்பிப் பார்த்தார்.
பின்னால் பழைய டயர்கள், மாதா படம் போட்ட காலண்டர், மழை.
எதுவும் நெருங்கவில்லை.

"தரையில இறக்கினாத்தான் தெரியும்" என்றார் அந்துவான்,
கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.